தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் வண்டி சூடேறாதா?

“நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு சார்? கழட்டி விட்டுட்டா சூடே ஏறாது.” ஓவர் ஹீட் என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், இன்றைக்கும் பல பட்டறைகளில் கேட்கக் கிடைக்கிற பேச்சு இது. கழற்றப்படுவது தெர்மோஸ்டாட் வால்வு. என்ஜின் தலையிலிருந்து (சிலிண்டர் ஹெட்) ரேடியேட்டருக்குப் போகும் பெரிய ஹோஸின் முனையில், இரண்டு மூன்று போல்ட் போட்ட ஒரு மூடிக்குள் உட்கார்ந்திருக்கும், எலுமிச்சம்பழ அளவிலான சாமான். கழற்றிய இடத்தில் பழையபடி மூடியை மாட்டி, குழாய்த் தண்ணீரை ஊற்றி அனுப்பிவிடுவார்கள். இரண்டு நாள் வண்டி நன்றாகத்தான் ஓடும். டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் பாதிக்குக் கீழேயே நிற்கும். சொன்னவர் பேச்சு பலித்துவிட்டது என்று வண்டிக்காரருக்கும் நிம்மதி.

இந்த வாதத்தைக் கேட்டவுடன் மறுக்க முடியாது என்பதுதான் உறுத்தல். வால்வு தண்ணீரை மறிக்கிறது, மறிப்பை எடுத்தால் தண்ணீர் தாராளமாக ஓடும், தாராளமாக ஓடினால் சூடு குறையும். இதில் எந்தப் படி தப்பு? பனி கொட்டும் நாட்டுக்காரன் தன் ஊருக்காக வைத்ததை வேலூர் வெயிலில் எதற்குச் சுமக்க வேண்டும் என்ற கேள்வியும் நியாயமாகத்தான் படுகிறது. ‘கூலிங் சிஸ்டம்’ என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அந்த அமைப்பின் வேலை என்ஜினைக் குளிராக வைப்பதல்ல. வெளியே 15 டிகிரி இருந்தாலும் 42 டிகிரி இருந்தாலும், என்ஜினைச் சுற்றி ஓடும் நீரை 90 டிகிரியை ஒட்டியே பிடித்து வைப்பதுதான் அதன் வேலை.

ஏழு கீசர் சூடு

100 ரூபாய்க்கு பெட்ரோல் போட்டால், தோராயமாக 30 ரூபாய்தான் வண்டியை நகர்த்துகிறது. இன்னொரு 30 ரூபாய் கூலன்ட் (என்ஜினைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கும் திரவம்) வழியாக ரேடியேட்டரில் போய்க் காற்றில் கலக்கிறது. மிச்சத்தில் பெரும்பங்கு சைலன்சர் வழியாகப் போகிறது. ஒரு சிறிய கார் நான்குவழிச் சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், மணிக்கு 6 லிட்டர் குடித்துக்கொண்டு போவதாக வைத்துக்கொள்வோம். அந்த 6 லிட்டரின் சக்தியைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 53 கிலோவாட். அதில் 15 கிலோவாட்டாவது கூலன்ட்டில் இறங்கும். வீட்டுக் குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் கீசர்கள் ஏழெட்டு ஒரே நேரத்தில் எரிகிற சூடு அது. இவ்வளவையும் சுமப்பது நான்கைந்து லிட்டர் திரவம்தான். அது ஒரே ஓட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பதால்தான் சமாளிக்க முடிகிறது. வாட்டர் பம்ப் வேகமெடுத்தால் மொத்தக் கூலன்ட்டும் நிமிடத்துக்குப் பல முறை என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் போய்த் திரும்பும். ஒவ்வொரு சுற்றிலும் ரேடியேட்டரில் இறங்கும் வெப்பம் அதிகமில்லை, ஐந்து முதல் பத்து டிகிரிதான்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் இன்னொரு கதையும் அடிபட்டுப் போகும். வால்வைக் கழற்றக்கூடாது என்று சரியாகச் சொல்பவர்களே காரணத்தைத் தப்பாகச் சொல்வதுண்டு: “தண்ணி ரொம்ப வேகமா ஓடிடும், ரேடியேட்டர்ல நின்னு ஆற நேரம் இருக்காது.” கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. தண்ணீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் நிற்கும் நேரம் குறைவதுபோலவே என்ஜினில் சூடு வாங்கும் நேரமும் குறைகிறது. ஓட்டம் கூடக்கூட மொத்தத்தில் வெளியேறும் சூடு கூடுமே தவிரக் குறையாது. பிறகு ஏன் கழற்றக்கூடாது?

வால்வுக்கு இரண்டு வாய்

தெர்மோஸ்டாட்டின் உள்ளே ஒரு சிறு பித்தளைக் கூடு, அதற்குள் மெழுகு. 1930களில் செர்ஜியஸ் வெர்னே என்ற பொறியாளர் உருவாக்கிய வடிவம்தான் சின்னச் சின்ன மாற்றங்களோடு இன்றும் ஓடுகிறது. மெழுகு உருகும்போது பருத்து ஒரு கம்பியைத் தள்ளும், வாய் திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் அதை மூடிவிடும். மின்சாரமும் வேண்டாம், சென்சாரும் வேண்டாம். 82 அல்லது 88 என்று வால்விலேயே எண் அடித்திருப்பார்கள். அது திறக்கத் தொடங்கும் வெப்பம். முழுதாகத் திறக்க அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு டிகிரி வேண்டும். காலையில் வண்டியைக் கிளப்பும்போது வாய் மூடியிருக்கும். ஆனால் பம்ப் சுற்றிக்கொண்டிருக்கிறது, தண்ணீருக்கு வழி வேண்டுமே? அதற்குத்தான் பைபாஸ் என்று ஒரு குறுக்குவழி: என்ஜினிலிருந்து வந்த நீர் ரேடியேட்டர் பக்கம் போகாமல் நேரே பம்புக்கே திரும்பிவிடும்.

விஷயமே இந்தக் குறுக்குவழியில்தான் இருக்கிறது. பழைய என்ஜின்கள் பலவற்றில் அது விரல் பருமன்கூட இல்லாத, எப்போதும் திறந்தே கிடக்கும் ஓட்டை. அதில் வால்வைக் கழற்றினால் ஓவர் ஹீட் ஆகாது, என்ஜின் குளிர்ந்தே ஓடும், அவ்வளவுதான். கழற்றிப் போடும் பழக்கம் அந்த வண்டிகளில் பிறந்தது, அவற்றுக்கு அது ஓரளவு செல்லுபடியும் ஆனது. இப்போதைய என்ஜின்கள் பலவற்றில் தெர்மோஸ்டாட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில் இன்னொரு வட்டத் தகடு, தனி ஸ்பிரிங்கோடு தொங்கும். மேல் வாய் ரேடியேட்டர் வழியைத் திறக்கத் திறக்க, கீழ்த் தகடு இறங்கிப் பைபாஸ் வாயை அடைக்கும். ஒரு கதவு திறக்கும்போது இன்னொரு கதவு சாத்தப்படுகிறது. பைபாஸும் தாராளமான குழாய்.

இந்த வால்வை எடுத்துவிட்டால் ரேடியேட்டர் வழியும் திறந்திருக்கும், பைபாஸ் வழியும் திறந்தே இருக்கும், அதை மூட ஆளில்லை. தண்ணீர் சுலபமான வழியைத்தான் பிடிக்கும். நூற்றுக்கணக்கான மெல்லிய குழல்கள் கொண்ட ரேடியேட்டரைவிடக் குட்டையான பைபாஸ் குழாய்தான் சுலபம். ஆக, கொதிக்கக் கொதிக்க வந்த நீரில் ஒரு பெரிய பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலேயே மறுபடி என்ஜினுக்குள் நுழைகிறது. சமவெளியில் ஆள் இல்லாமல் போகும்போது இது தெரியாது, சூடு குறைவு. ஐந்து பேரும் சாமானும் ஏற்றி, ஏசி போட்டு, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறும்போது தெரியும். சூடு குறையவேண்டும் என்று கழற்றிய வண்டி, சூடு அதிகம் வருகிற ஒரே இடத்தில் கைவிடுகிறது.

சூடேறாத நாட்களில் மட்டும் லாபமா என்றால் அதுவும் இல்லை. நீர் 60 டிகிரியிலேயே நின்றால், என்ஜின் இன்னும் தயாராகவில்லை என்று எண்ணி என்ஜினை நடத்தும் கணினியான இசியூ பெட்ரோலைக் கூடுதலாக விடும். அந்த உபரி சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சூடான என்ஜினில் பிஸ்டன் ஓரமாகக் கசிந்த ஆவி வெளியே இழுக்கப்பட்டுவிடும். குளிர்ந்த என்ஜினில் அது உள்ளேயே படிந்து ஆயிலைச் சேறாக்கும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பாலாடைபோல ஒட்டியிருப்பது பல நேரம் இதுதான். அதைப் பார்த்து ‘ஹெட் கேஸ்கெட் (தலைக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போயிடுச்சு’ என்று பயமுறுத்தி வேலை பார்த்த கதைகளும் உண்டு. டீசல் வண்டியென்றால் புகைவடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள என்ஜின் சூடு வேண்டும், அது நடக்காமல் அடைத்துக்கொள்ளும். பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த வண்டிகளில் எச்சரிக்கை விளக்கும் எரியும். ஸ்கேனர் மாட்டினால் பி0128 என்று வரும், கூலன்ட் வெப்பம் தெர்மோஸ்டாட் அளவை எட்டவில்லை என்று பொருள்.

குக்கர் வெயிட் மாதிரி ஒரு மூடி

வால்வைக் குற்றவாளியாக்கும் பல ஓவர் ஹீட்களில் உண்மையான காரணம் ரேடியேட்டர் மூடி. சமையலறைக் குக்கரில் வெயிட் செய்கிற வேலையைத்தான் இது செய்கிறது. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும், அத்தனை ‘பார்’ (அழுத்தத்தின் அலகு) வரை அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கும். 0.9 மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் 125-ஐயும் தாண்டும்.

இப்போது மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுங்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு வேக நேரமெடுப்பது இதனால்தான். மூடியின் ரப்பர் காய்ந்து விரிசல் விட்டிருந்தால், என்ஜினுக்குள்ளும் அதே கதை. 88 டிகிரி வால்வு இன்னும் முழுதாகத் திறக்கக்கூட இல்லை, அதற்குள் கூலன்ட் கொதிக்கத் தொடங்குகிறது. கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் அந்த இடத்தில் உலோகத்தைத் தொட நீர் இல்லை, தலையில் எக்ஸாஸ்ட் வால்வை ஒட்டிய பகுதி தீய்கிறது. சில நூறு ரூபாய் மூடிக்கு மலையேறும்போது தலை பலி.

மூடியின் நடுவில் இன்னொரு குட்டி வால்வு இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. என்ஜின் ஆறும்போது கூலன்ட் சுருங்கும், பக்கத்துக் கூலன்ட் டப்பாவிலிருந்து இழுத்து நிரப்பிக்கொள்ள வழிவிடுவது அதுதான். அது ஒட்டிக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் உறிஞ்சி எடுத்ததுபோல் தட்டையாக இருக்கும். டப்பாவில் தண்ணீர் ‘மேக்ஸ்’ கோட்டில் நிற்க, ரேடியேட்டர் காலியாகிக்கொண்டிருப்பது இப்படித்தான். வாரம் ஒருமுறை என்ஜின் ஆறியபின் டப்பாவை மட்டும் பார்க்காமல் மூடியைத் திறந்து கழுத்து வரை நீர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால். ஆறியபின் என்பது முக்கியம். 110 டிகிரி நீர் மூடியின் அழுத்தத்தில்தான் நீராக இருக்கிறது, திறந்த கணத்தில் அதில் ஒரு பங்கு ஆவியாக முகத்தில் அடிக்கும்.

போர் தண்ணீரும் கலர் தண்ணீரும்

‘கூலன்ட் குளிர்நாட்டுக்கு, நமக்குத் தண்ணி போதும்’ என்பது அதே பேச்சின் இரண்டாவது பாதி. இதிலும் பாதி உண்மை. சூட்டைச் சுமப்பதில் தண்ணீரை, கூலன்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலால் மிஞ்ச முடியாது. பாதிக்குப் பாதி கலந்தால் சுமக்கும் திறன் வெறும் தண்ணீரைவிட ஆறில் ஒரு பங்கு குறையத்தான் செய்யும். நமக்குக் கூலன்ட் வேண்டியது அதிலுள்ள துருத்தடுப்பு மருந்துகளுக்காகவும் கொதிநிலைக்காகவும். அலுமினியத் தலை, வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ரேடியேட்டர், இடையே பித்தளை என்று பல உலோகங்கள் ஒரே உப்புத் தண்ணீரில் ஊறினால் உள்ளே ஒரு சின்ன பேட்டரியே உருவாகிவிடும். முதலில் கரைவது அலுமினியம். பெரிய லாரி டீசல்களில் இன்னொன்றும் நடக்கிறது. லைனரின் (பிஸ்டன் ஓடும் குழலின்) வெளிப்புறம் நீரில் நேராக நனையும், அதிர்வில் நுண்குமிழிகள் உண்டாகி வெடித்து வெடித்து லைனரில் ஊசித்துளை போட்டுவிடும். அதற்கான மருந்து கூலன்ட்டில்தான் இருக்கிறது, குழாய்த் தண்ணீரில் இல்லை.

ஒரே ஒருமுறை போர் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டர் போய்விடாது. லிட்டருக்கு அரை கிராம் சுண்ணாம்பு உள்ள நீர் என்றால் 5 லிட்டரில் இரண்டரை கிராம், அது படிந்து முடிந்தால் தீர்ந்தது. கெடுதல் எல்லாம் தினமும் ‘கொஞ்சம் ஊத்திக்கலாம்’ என்பதில் இருக்கிறது. எங்கோ கசிகிறது, தினம் அரை லிட்டர் ஊற்றுகிறார்கள், வருடத்துக்கு 180 லிட்டருக்கு மேல். அதே கணக்கில் 90 கிராம் சுண்ணாம்பு உள்ளே போயிற்று. ஆவியாகிப் போவது நீர் மட்டும்தான், சுண்ணாம்பு போவதில்லை. அதுவும் எல்லா இடத்திலும் சமமாகப் படிவதில்லை, சூடான இடத்தைத் தேடித் தேடிப் படியும். கீசர் கம்பியில் வெள்ளையாக அப்பியிருப்பதைப் பார்த்தால் போதும். கசிவை அடைக்காமல் தண்ணீர் ஊற்றுவது, ஒவ்வொரு நாளும் தலைக்குள் ஒரு பூச்சு பூசுவது. பம்ப் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதில் ஈரமோ காய்ந்த கலர் தழும்போ தெரிந்தால் பம்பின் சீல் போகத் தொடங்கிவிட்டது. அதை எம்-சீல் வைத்து அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அடைத்தால் நீர் பேரிங்குக்குள் போகும்.

கலரைப் பார்த்து கூலன்ட் வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் சாயம்தான், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையை வாங்க வேண்டும். வேறு வேறு வகைகள் கலந்தால் மருந்துகள் ஒன்றையொன்று முறித்து, சில நேரம் கூழாகவும் திரண்டுவிடும். கேனில் ‘ரெடி மிக்ஸ்’ என்றிருந்தால் மேலும் தண்ணீர் சேர்க்கக்கூடாது. கெட்டிக் கூலன்ட் என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரோடு பாதிக்குப் பாதி.

எங்கே சூடேறுகிறது என்று கேளுங்கள்

பட்டறைக்குப் போகுமுன் வண்டிக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: எந்த இடத்தில் முள் ஏறுகிறது? சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்தால் இறங்கினால் கோளாறு காற்றில்: ஃபேன், ரிலே, ஃபியூஸ், அல்லது ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவே அடைந்த தூசியும் பூச்சியும். ஏசி போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பது பத்து நொடி வேலை. பெல்ட்டில் ஓடும் ஃபேன் உள்ள ஜீப் வகை வண்டிகளில் என்ஜினை நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிவிடுங்கள். ஒரு சுற்றில் இழுத்துப் பிடித்து நின்றால் சரி, டேபிள் ஃபேன்போலச் சுற்றிக்கொண்டே இருந்தால் ஃபேன் கிளட்சில் உள்ள சிலிகான் எண்ணெய் போய்விட்டது. ஊருக்குள் சரியாக இருந்து 100 கி.மீ. வேகத்தில் மட்டும் ஏறினால் கோளாறு நீரோட்டத்தில்: அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த பம்ப் இறக்கை, அல்லது பம்ப் உறிஞ்சும்போது நசுங்கிக்கொள்ளும் கீழ் ஹோஸ். காலையில் கிளப்பி இரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், சூடு வருமுன்னே அழுத்தம் வந்திருக்கிறது, சிலிண்டர் வாயு கூலன்ட்டில் கலக்கிறது. அது ஹெட் கேஸ்கெட். அப்படித் தலையைக் கழற்றினால் நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜால் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து பார்க்காமல் மாட்டவிடாதீர்கள். பல என்ஜின்களுக்கு வளைவு 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், அதாவது ஒரு தலைமுடியின் பருமன்.

முள்ளை முழுதாக நம்பவும் முடியாது. இன்றைய வண்டிகளில் பலவற்றில் 80-லிருந்து 100-க்கு மேல் வரை முள் நடுவிலேயே நிற்குமாறு வடிவமைத்திருக்கிறார்கள், ஓட்டுநர் பதறக்கூடாதாம். அதைவிட ஆபத்து இன்னொன்று. சென்சார் நீரில் மூழ்கியிருந்தால்தான் நீரின் சூட்டைச் சொல்லும். ஹோஸ் பிளந்து நீர் முழுதும் வெளியேறிவிட்டால் சென்சாரைச் சுற்றி வெறும் ஆவியும் காற்றும்தான். அப்போது ஏறிய முள் மெல்ல இறங்கும். ‘ஆறிடுச்சு’ என்று நினைத்து இன்னும் நான்கு வளைவு ஏறுகிறார்கள். என்ஜின் அந்த நான்கு வளைவில் முடிந்துபோகிறது.

முள் ஏறுகிறது, ஆனால் ஆவி இல்லை, நீர் ஒழுகவில்லை என்றால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் இரண்டாவது ரேடியேட்டர். நாம் வருடம் முழுதும் தொடாத அந்தக் குமிழ் உதவும் ஒரே நேரம் இது. ஆவி அடித்தால் பேச்சே இல்லை, ஓரங்கட்டி உடனே நிறுத்த வேண்டும். முக்கால் மணி நேரமாவது தொடக்கூடாது. பச்சைத் தண்ணீரை அவசரமாக ஊற்றினால் தலை விரிசல் விடும்.

வால்வைச் சந்தேகிப்பதானால் கழற்றிவிட்டுத் தூக்கி எறியத் தேவையில்லை, சோதித்துப் பார்க்கலாம். பழைய பாத்திரம் ஒன்றில் தண்ணீர், அடுப்பு, சமையல் தெர்மாமீட்டர் ஒன்று. வால்வின் வாயை லேசாக நெம்பி ஒரு நூலை இடுக்கில் கவ்வக்கொடுத்து, அடியில் படாமல் நீருக்குள் தொங்கவிட வேண்டும். மெதுவாகச் சூடேற்றினால் வாய் திறக்கும் கணத்தில் நூல் நழுவி, வால்வு ‘டக்’கென்று அடியில் விழும். அப்போது தெர்மாமீட்டர் காட்டுவதும் வால்வில் அடித்திருக்கும் எண்ணும் இரண்டு மூன்று டிகிரிக்குள் இருந்தால் வால்வு நல்லது. கொதித்த பிறகும் தொங்கிக்கொண்டே இருந்தால் புதிது வாங்க வேண்டும், அதே எண்ணில், புது ரப்பர் வளையத்தோடு. தகட்டில் ஆடிக்கொண்டிருக்கும் சின்ன ஊசி ஒன்று இருந்தால் அது மேலே பார்த்திருக்கும்படி மாட்டுங்கள். கூலன்ட் நிரப்பும்போது உள்ளே சிக்கிய காற்று வெளியேற அது வழிவிடும். வண்டியின் மூக்கு சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து வைத்து, மெதுவாக ஊற்றி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை என்ஜினை ஓடவிட்டு, ஆறியபின் மறுபடி கழுத்து வரை நிரப்புங்கள். பெரும்பாலும் இன்னொரு கால் லிட்டர் பிடிக்கும்.